12 சிலிண்டர் போச்சு, டிக்கியும் சுருங்கிடுச்சு... புது பென்ட்லி கான்டினென்டல் ஜிடி மேல கார் காதலர்களுக்கு என்ன கோபம்?

பொதுவா ஒரு புது கார் வந்தா எல்லாரும் முதல்ல கேட்பது, ‘பவர் எவ்வளவு, பிக்-அப் எப்படி?’ ஆனா, பென்ட்லி ரசிகர்கள் கொஞ்சம் வித்தியாசமானவங்க. 2024 ஜூனில் நான்காம் தலைமுறை கான்டினென்டல் ஜிடி ஸ்பீடு அறிமுகமானபோது, 782 பிஎஸ் பவர் என்பதை ‘சரி, இருக்கட்டும்’ என்று கடந்துபோய்விட்டார்கள். பானெட்டுக்குள் எத்தனை சிலிண்டர், முன்னால் எத்தனை ஹெட்லைட், பின்னால் எவ்வளவு டிக்கி... சண்டை முழுக்க இந்த மூன்றில்தான்!

இந்தச் சண்டை புரியணும்னா, ‘ஜிடி’ என்றால் என்னன்னு முதல்ல தெரிஞ்சுக்கணும். ‘கிராண்ட் டூரிங்’ என்பதன் சுருக்கம்தான் ஜிடி. ரேஸ் டிராக்கில் பத்து ரவுண்டு சுத்துறதுக்கான கார் இல்லை இது. காலையில் ஒரு நாட்டில் கிளம்பி, ராத்திரி டின்னருக்கு இன்னொரு நாட்டில், சட்டை கசங்காமல் இறங்குவதற்கான கார். வேகம் வேணும், ஆனா உடம்பு வலிக்கக் கூடாது. பெட்டி வைக்கவும் இடம் வேணும். பென்ட்லி 1952-ல் கொண்டுவந்த ஆர்-டைப் கான்டினென்டல், நான்கு பேரையும் அவங்க லக்கேஜையும் ஏற்றிக்கொண்டு மணிக்கு 100 மைல் வேகத்தில் அலுங்காமல் ஓடுவதற்காகவே செய்யப்பட்டது. மொத்தம் 208 கார்கள்தான் தயாரானது. இன்றைய கான்டினென்டல் ஜிடி-யின் பெயரும் வளைந்து இறங்கும் பின்பக்கமும் அந்தத் தாத்தாவிடம் இருந்து வந்ததுதான்.

இப்போ கோபம் நம்பர் ஒன், இன்ஜின்.

2003-ல் முதல் கான்டினென்டல் ஜிடி வந்ததில் இருந்தே அதன் அடையாளம், 6.0 லிட்டர் டபிள்யூ12 இன்ஜின். ஒல்லியான இரண்டு வி6 இன்ஜின்களை ஒரே கிராங்க் ஷாஃப்ட்டில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிவெச்ச மாதிரி அமைப்பு. வழக்கமான வி12-ஐவிட நீளம் குறைவு என்பதால், நான்கு வீல் டிரைவோடு பானெட்டுக்குள் அடங்கிவிடும். இங்கிலாந்தின் க்ரூ தொழிற்சாலையில் கையால் கோக்கப்பட்ட இந்த இன்ஜின்கள் ஒரு லட்சத்துக்கும் மேல் வெளியே வந்திருக்கின்றன. மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் இறுக இறுக, 2024 ஜூலையில் அதற்கு மூடுவிழா நடந்தது.

அதன் இடத்துக்கு வந்திருப்பது 4.0 லிட்டர் ட்வின் டர்போ வி8, கூடவே ஒரு எலெக்ட்ரிக் மோட்டார். வி8 மட்டும் 600 பிஎஸ், மோட்டார் 190 பிஎஸ். இரண்டும் சேர்ந்தால் 782 பிஎஸ், 1,000 என்எம் டார்க். 0-100 கி.மீ வேகத்துக்கு 3.2 விநாடி, டாப் ஸ்பீடு 335 கி.மீ. போன தலைமுறை டபிள்யூ12 ஸ்பீடு மாடலின் பவர் 659 பிஎஸ்தான். அப்போ எண்களில் பார்த்தால் புது காருக்குத்தான் வெற்றி. ஆனாலும் ரசிகர்கள் சமாதானம் ஆகலை. ‘அவ்ளோ காசு கொடுக்கிறவனுக்கு 12 சிலிண்டர் வேண்டாமா?’ என்பது அவர்கள் வாதம். இதே ஹைபிரிட் செட்டப், இதே 782 பிஎஸ்ஸோடு போர்ஷே பனமேரா டர்போ எஸ் இ-ஹைபிரிடிலும் இருப்பது, எரியுற நெருப்பில் எண்ணெய். அதே 2024-ல் ஃபெராரி 12சிலிண்ட்ரியும், ஆஸ்டன் மார்ட்டின் வான்குவிஷும் வி12 இன்ஜினோடு வந்து நின்றதைச் சொல்லிச் சொல்லிக் காட்டுகிறார்கள். (அந்த ரெண்டுமே டூ-சீட்டர். குழந்தையைப் பின்னால் உட்காரவைக்க முடியாது. அதை மட்டும் வசதியா மறந்துடுறாங்க!)

என்னைக் கேட்டால், இந்தக் கோபத்தில் பாதி, பழைய காதலிக்கு விடும் பெருமூச்சு. 2003-ல் டபிள்யூ12 வந்தபோது பென்ட்லி பழைமைவாதிகள் அதையும் ஏற்கலை, தெரியுமா? 1998-ல் ஃபோக்ஸ்வாகன் கைக்குப் போன பிறகு வந்த கார் அது. அடித்தளம், ஃபோக்ஸ்வாகன் ஃபேட்டன் காருடன் பகிர்ந்தது. டபிள்யூ12-ம் அந்தக் குடும்பத்துச் சொத்துதான். ‘இது நிஜ பென்ட்லியே இல்லை’ என்று அன்று திட்டு வாங்கிய இன்ஜினுக்குத்தான் இன்று கண்ணீர் அஞ்சலி. இன்னொரு விஷயம்... பழைய தலைமுறைகளிலேயே, ஓட்டுவதில் ருசி கண்டவர்கள் பலர் வி8-ஐத்தான் விரும்பினார்கள். டபிள்யூ12-இன் எடை மூக்கில் உட்கார்ந்துகொள்ளும். வி8 வளைவில் லேசாகத் திரும்பும்.

ஹெட்லைட் விவகாரம் சின்னதுதான். 2003-ல் இருந்து பக்கத்துக்கு இரண்டு வட்டமாக இருந்த விளக்குகள் இப்போ ஒன்றாகிவிட்டன, நடுவே புருவம் மாதிரி ஒரு கோடு. புலியின் பார்வை என்கிறது பென்ட்லி. தூக்கத்தில் இருந்து எழுந்த புலி என்று கிண்டல் செய்கிறவர்களும் உண்டு. 1950-களின் பென்ட்லி கூபேக்களில் பக்கத்துக்கு ஒரு ஹெட்லைட்தான் என்பதால், பழசுக்குத் திரும்பியிருக்கிறார்கள் என்றும் சொல்லலாம். பழகிடும்.

நியாயமான கோபம் எதுன்னா, எடையும் டிக்கியும்தான்.

25.9 கிலோவாட் ஹவர் பேட்டரியைப் பின் ஆக்ஸிலுக்குப் பின்னால் வைத்திருக்கிறார்கள். இதில் ஒரு நன்மை இருக்கு. முன்பக்கம் 49, பின்பக்கம் 51 என்று எடை கிட்டத்தட்ட சரிபாதியாகப் பிரிந்துவிட்டது. இதுவரை வந்த கான்டினென்டல் ஜிடி-களிலேயே வளைவுகளில் நல்லா திரும்புறது இதுதான் என்று ஓட்டியவர்கள் மெச்சுவதற்கு இது முக்கியக் காரணம். பின் வீல்களும் திரும்பும். சாய்வைக் கட்டுப்படுத்த 48 வோல்ட் சிஸ்டம் வேறு. ஆனா, மொத்த எடை 2,459 கிலோ. போன தலைமுறையைவிடச் சுமார் 200 கிலோ அதிகம். டிக்கியோ 358 லிட்டரில் இருந்து 260 லிட்டராகச் சுருங்கிடுச்சு. நம்ம ஊர் மாருதி ஸ்விஃப்ட்டின் டிக்கியே 265 லிட்டர் பாஸ்! ரெண்டு பேர் ஒரு வாரம் ஊர் சுத்தக் கிளம்பினால், ஒரு பெட்டி பின் சீட்டுக்குத்தான் போகணும். ‘டூரிங்’ என்று பெயர் வைத்த காரில் பெட்டிக்கு இடமில்லை என்றால், கோபம் வரத்தானே செய்யும்?

அதே பேட்டரியைக் கொண்டாடுபவர்களும் இருக்கிறார்கள். பெட்ரோல் இல்லாமலே 81 கி.மீ வரை ஓடும். எலெக்ட்ரிக்கிலேயே 140 கி.மீ வேகம் தொடும். விடியற்காலை 5 மணிக்கு வண்டியை எடுத்தாலும் பக்கத்து வீட்டு நாய்கூட எழுந்திருக்காது. அமைதிதானே சொகுசு காரின் முதல் லட்சணம் என்பது இவர்கள் கட்சி. எனக்கும் இதில் உடன்பாடுதான். ஊருக்குள் சத்தமில்லாமல் போய், ஹைவே ஏறியதும் வி8-ஐ எழுப்புவது நல்ல ஏற்பாடு.

எல்லாரும் ஒத்துப்போகும் இடம் ஒண்ணே ஒண்ணு, உள்பக்கம். ஊரெல்லாம் டேப்லெட்டைத் தூக்கி டேஷ்போர்டில் ஒட்டும் காலத்தில், பென்ட்லி பட்டன்களைக் கைவிடலை. ஏசி வென்ட்டைத் திறக்க, இழுக்கும் உலோகக் குமிழ்கள் அப்படியே இருக்கின்றன. டேஷ்போர்டின் நடுவில் சுழலும் டிஸ்ப்ளேவுக்கு மூன்று முகம்: ஒன்று டச் ஸ்க்ரீன், ஒன்று முள் வைத்த மூன்று டயல்கள், இன்னொன்று வெறும் மரப்பலகை. ஸ்க்ரீன் வேண்டாம் என்றால் மரத்தைப் பார்த்துக்கொண்டே ஓட்டலாம். நாள் முழுக்க போன் பார்க்கும் நமக்கு இதைவிடப் பெரிய சொகுசு இருக்கா?

எடை பற்றிய புலம்பல் க்ரூ வரை கேட்டிருக்கும்போல. 2025 நவம்பரில் பென்ட்லி ‘சூப்பர்ஸ்போர்ட்ஸ்’ என்ற மாடலைக் காட்டியது. ஹைபிரிட் இல்லை, பேட்டரி இல்லை. 666 பிஎஸ் வி8 மட்டும், அதுவும் ரியர் வீல் டிரைவ்! எடை 2,000 கிலோவுக்குக் கீழே. 500 கார்கள்தான் செய்யப்போகிறார்கள். எடையைக் குறைக்க எதையெல்லாம் கழற்றினார்கள் தெரியுமா? பின் சீட்டையும் சேர்த்து. ‘அப்போ இது ஜிடி-யா, ஸ்போர்ட்ஸ் காரா?’ என்று ரசிகர்கள் அடுத்த சண்டையை ஆரம்பித்துவிட்டார்கள்.