கலங்கரை விளக்கமும் நம்மவர் கண்ட முதல் ஒளியும்

பினாங்கிற்குச் சுற்றுலா செல்லும் நம்மவர்கள் ஜார்ஜ்டவுன் கடற்கரையில் உள்ள கார்ன்வாலிஸ் கோட்டையைப் படம் பிடிக்காமல் திரும்புவதில்லை. அந்தப் படங்களின் ஓரத்தில் கப்பலின் பாய்மரம் போல ஒரு வெள்ளைக் கோபுரம் நிற்கும். அது ஒரு கலங்கரை விளக்கம் என்பதைக் கவனிப்பவர்கள் சிலரே.

1786-ஆம் ஆண்டு பிரான்சிஸ் லைட் இங்கு நிபோங் மரங்களை நட்டு வேலியாக எழுப்பியதே முதல் கோட்டை. பின்னர் கைதிகளின் உழைப்பால் அது செங்கல் கோட்டையாக மாறியது. அதன் வடகிழக்கு மூலையில் 1882-இல் எழுந்ததுதான் 21 மீட்டர் உயரமுள்ள இந்த எஃகுக் கோபுரம்.

அடுத்த ஆண்டே, அதாவது 1883-இல், தீவின் வடமேற்கு முனையில் முகா ஹெட் கலங்கரை விளக்கம் கட்டப்பட்டது. மலாய் மொழியில் 'முகா' என்றால் முகம். தீவின் முகம் போன்ற இடம்தான் அது. கோபுரத்தின் உயரம் 14 மீட்டர் மட்டுமே. ஆனால் அது நிற்கும் குன்றோ கடல் மட்டத்திலிருந்து 242 மீட்டர். துறைமுகத்தில் நிற்பது வாசல் விளக்கு என்றால், முகா ஹெட்டில் நிற்பது ஊரின் எல்லை விளக்கு எனலாம்.

இந்த விளக்குகளுக்கும் நமக்கும் என்ன உறவு? நாகப்பட்டினத்திலிருந்து வங்கக் கடலைக் கடந்து வந்த கப்பல்கள் வடமேற்குத் திசையிலிருந்துதான் பினாங்கை நெருங்கின. கப்பலின் மேல்தளத்தில் மூட்டை முடிச்சுகளோடு பல நாள் கிடந்த தோட்டத் தொழிலாளர்களுக்கு, இரவு வேளையில் இந்த மண்ணின் முதல் அடையாளம் அந்தக் குன்றின் ஒளியாகவே இருந்திருக்கும். கரை தெரிந்ததும் துன்பம் தீர்ந்துவிடவில்லை. நோய்த் தடுப்புக்காகப் பலர் ஜெரஜாக் தீவில் தங்க வைக்கப்பட்டனர். அதன் பிறகே ரப்பர்த் தோட்டங்களுக்குப் பயணம். ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் நிறுத்தப்பட்டது. கங்காணி முறையில் ஆள் வருவது அதன் பின்னும் தொடர்ந்தது.

1926-இல் கட்டப்பட்ட 'ரஜூலா' கப்பலை நம் பெரியவர்கள் எளிதில் மறக்கமாட்டார்கள். அதற்குப் பின் வந்த 'சிதம்பரம்' கப்பல் 1985-இல் தீ விபத்துக்கு உள்ளானது. அத்துடன் அந்தக் கடல்வழிப் பயணமும் முடிவுக்கு வந்தது.

இன்று முகா ஹெட் விளக்கு, 2003-இல் அரசிதழில் பதிவு பெற்ற பினாங்கு தேசியப் பூங்காவுக்குள் உள்ளது. தெலுக் பகாங்கில் தொடங்கும் காட்டுப் பாதையில் நடந்து, குன்றேறிச் செல்ல வேண்டும். மூச்சு வாங்கும், குடிநீர் அவசியம். மேலே நின்றால் கடல் விரிந்து தெரியும்.

படம் எடுப்பவர்கள் கேமராவைக் கோபுரத்தின் பக்கம் மட்டும் திருப்பினால் போதாது. கப்பல் வந்த திசையையும் ஒரு படம் எடுக்க வேண்டும். வீடு திரும்பியதும் அதைத் தாத்தா பாட்டியிடம் காட்டி, "நம் குடும்பம் எந்தக் கப்பலில் வந்தது?" என்று கேட்டு எழுதி வைக்க வேண்டும். கல்லும் இரும்பும் இன்னும் பல காலம் நிற்கும். கப்பலேறி வந்த கதையைச் சொல்லக்கூடியவர்களோ ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகிறார்கள்.