வீசியதற்குத்தான் விலை

2022 ஓகஸ்டில் ஒரு பழைய பேஸ்போல் கார்ட் அமெரிக்காவில் ஏலத்துக்கு வந்து, 1 கோடியே 26 இலட்சம் டொலருக்குப் போனது. 1952 இல் டொப்ஸ் கொம்பனி அச்சடித்த, நியூயோர்க் யாங்கீஸ் வீரர் மிக்கி மான்டிலின் கார்ட் அது. உள்ளங்கைக்குள் அடங்கிற மட்டைத் துண்டுக்கு இவ்வளவு காசா எண்டு எங்களுக்கும் கேட்கத் தோன்றியது. விலையின் வரலாற்றைத் தேடிப் போனால் அது குப்பையில்தான் தொடங்குகிறது.

அந்தக் காலத்தில் கார்ட் ஒரு சில்லறைச் சாமான். பபிள்கம்மோடு சேர்த்துச் சில சதத்துக்குப் பெடியள் வாங்கினார்கள். சைக்கிள் சில்லுக் கம்பியில் செருகிச் சத்தம் எழுப்பி ஓடினார்கள். அவர்கள் வளர்ந்து வீட்டைவிட்டுப் போனதும், அம்மாமார் பெட்டியோடு தூக்கி எறிந்தார்கள். மான்டிலின் கார்ட் இருந்த தொகுதி விளையாட்டுப் பருவத்தின் கடைசியில் வந்ததால் விற்காமல் தேங்கியது. மிஞ்சிய பெட்டிகளை 1960 இல் அத்திலாந்திக் கடலில் கொண்டுபோய்க் கொட்டியதாக, அந்தக் கார்ட்டுகளை வடிவமைத்த சை பேர்கரே பிறகு சொன்னார்.

கொஞ்சக் காலத்தில் அதே பெடியள் உழைக்கிற ஆக்களாகித் திரும்பி வந்தார்கள், இழந்ததைத் தேடி. ஹோட்டல் மண்டபங்களில் மேசை போட்டுக் கார்ட் விற்கும் கண்காட்சிகள் பெருகின. 1980 இல் லொஸ் ஏஞ்சல்ஸில் முதலாவது தேசியக் கண்காட்சி நடந்தது. நாலு மூலையும் கூராக இருக்கா, படம் சரி நடுவில விழுந்திருக்கா, மடிப்பு இருக்கா என்று பார்த்துத்தான் பேரம். அலன் ரோசன் என்ற வியாபாரி கைப்பெட்டி நிறையக் காசோடு வருவார். 1986 இல் பொஸ்டன் பக்கம், பிரிக்கப்படாததுபோல் இருந்த 1952 கார்ட்டுகளைப் பெருந்தொகையாக வாங்கினார். அதிலிருந்த ஒரு மான்டில்தான் 1991 இல் நியூயோர்க் கண்காட்சியொன்றில் 50,000 டொலருக்குக் கைமாறி, கடைசியில் நாங்கள் மேலே சொன்ன விலையைத் தொட்டது.

காசு வந்த இடத்தில் கத்தியும் வந்தது. 1909 - 1911 காலத்தில் சிகரெட் பெட்டிகளோடு வந்த ஹோனஸ் வாக்னர் கார்ட் மிக அரிது. அதில் மிகப் பிரபலமான ஒன்றை 1991 இல் ஐஸ் ஹொக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கி இன்னொருவரோடு சேர்ந்து 4,51,000 டொலருக்கு வாங்கினார். மூலைகள் அவ்வளவு கூர். முன்பு அதை வைத்திருந்த வியாபாரி பில் மாஸ்ட்ரோ, ஓரங்களை வெட்டியது தான்தான் என்று 2013 இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார்.

இன்னொரு பக்கம், பழைய கார்ட்டின் விலையைக் கேள்விப்பட்ட குடும்பங்கள் 80களின் கடைசியில் புதுக் கார்ட்டுகளைப் பெட்டி பெட்டியாக வாங்கிப் பூட்டி வைத்தன, பிள்ளைகளின் படிப்புக்கு உதவும் என்று. கொம்பனிகளும் அளவில்லாமல் அச்சடித்தன. எல்லாரும் பத்திரப்படுத்தியதால் எதுவுமே அரிதாகவில்லை. இன்றைக்கும் அவற்றில் பெரும்பாலானவை சல்லிக்காசு பெறாது.

இதில் பாடம் படித்தது கொம்பனிகள்தான். இப்போது "இது ஒன்றே ஒன்றுதான்" என்று இலக்கம் குத்தி அவையே அருமையை உற்பத்தி செய்கின்றன. 1952 இல் சைக்கிளில் கார்ட்டைச் செருகிய பெடியனுக்கு அது விளையாட்டுச் சாமான். இன்று பைக்கற்றை உடைக்கிற பெடியன் முதலில் பார்ப்பது தொலைபேசியில் வருகிற விலையை.