வாலில் ஒரு துணை எஞ்சின்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மே மாதம், தில்லி செல்ல விமானத்தில் ஏறி உட்கார்ந்தேன். முக்கால் மணி நேரம் ஏசி இல்லை. குழந்தைகள் அழுதன. பாதுகாப்புக் குறிப்பு அட்டைதான் எனக்கு விசிறி. "ஏ.பி.யூ. வேலை செய்யவில்லை, வெளியிலிருந்து வண்டி வரவேண்டும் சார்" என்றார் பணிப்பெண். வீடு திரும்பியதும் அந்த மூன்றெழுத்தைத் தேடிப் படித்தேன்.

விமானத்தின் வால்நுனியில் இருக்கும் சிறு டர்பைன் அது. பெரிய எஞ்சின்கள் நின்றிருக்கும்போது மின்சாரம் தரும். பெரும்பாலான விமானங்களில் ஏசிக்கும் எஞ்சினைக் கிளப்பவும் அழுத்தக் காற்றும் தரும். பெயரில் உள்ள 'ஆக்சிலரி' எனக்குப் பழகிய சொல். பிரெஞ்சுப் பள்ளியில் 'அவுவார்', 'எத்ர்' என்ற துணைவினைகளை 'ஒக்ஸிலியேர்' என்றுதான் படித்தோம். அவை இல்லாமல் பாதி இலக்கணம் நகராது.

இப்படி டர்பைன் ஏ.பி.யூ.வோடு வந்த முதல் பயணிகள் ஜெட், 1963இல் முதன்முதலாகப் பறந்த போயிங் 727. வசதி குறைந்த சிறு நிலையங்களுக்காக ஏற்பட்ட ஏற்பாடு. தரையில் மட்டுமே ஓடும். கெட்டால் புழுக்கம், தாமதம், அவ்வளவுதான்.

பிறகு அதன் பொறுப்பு கூடியது. 2009 ஜனவரி 15இல் நியூயார்க்கில் பறவைகள் மோதி இரண்டு எஞ்சின்களும் சக்தி இழந்தபோது, கேப்டன் சல்லன்பெர்கர் உடனே ஏ.பி.யூ.வைக் கிளப்பினார். அவசரகாலப் பட்டியலில் அது வெகு கீழே இருந்த வேலை. அந்த மின்சாரம் கைகொடுத்தது. விமானம் ஹட்சன் ஆற்றில் இறங்கியது. 155 பேரும் பிழைத்தார்கள்.

2013 ஜனவரி 7இல் ஜப்பான் ஏர்லைன்ஸின் போயிங் 787 ஒன்று டோக்கியோவிலிருந்து பாஸ்டன் வந்து இறங்கியது. பயணிகள் வெளியேறிய சற்று நேரத்தில், சுத்தம் செய்ய வந்தவர்கள் புகையைக் கண்டார்கள். எரிந்தது ஏ.பி.யூ.வைக் கிளப்பும் லித்தியம் பேட்டரி. எட்டு செல்களில் ஒன்றுக்குள் ஷார்ட் சர்க்யூட். சூடு மற்ற செல்களுக்கும் பரவிவிட்டது. அப்படிப் பரவாது என்று நம்பித்தான் வடிவமைத்திருந்தார்கள். ஜனவரி 16இல் ஜப்பானில் இன்னொரு 787, அதே வகை பிரதான பேட்டரி கெட்டு அவசரமாக இறங்கியது. ஏர் இந்தியாவின் 6 உட்பட, உலகெங்கும் 50 விமானங்கள் முடங்கின. பேட்டரியை எஃகுப் பெட்டிக்குள் அடைத்து, புகை வெளியேறக் குழாய் வைத்த பிறகே, ஏப்ரல் இறுதியில் மீண்டும் பறந்தன.

முப்பது கிலோகூட இல்லாத பேட்டரி. கடலுக்கு மேலே பற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

ஏ.பி.யூ. பழுதானாலும், சில நிபந்தனைகளோடு விமானத்தை இயக்க விதிகள் இடம்தருகின்றன. அன்று நாங்களும் அப்படித்தான் பறந்தோம். அது தெரியாததால் நிம்மதியாகத் தூங்கிவிட்டேன்.