பந்தைத் தொடாத ஆட்டக்காரர்கள்



பரிசளிப்பு விழா மலரில் வரலாற்றுக் கட்டுரை என்றதும் சோழர், கடாரம் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் எழுதப் போவதோ அமெரிக்காவில் ஆடப்படும் ஒரு பந்தாட்டத்தைப் பற்றி. "வாத்தியாருக்கு என்ன ஆச்சு?" என்று சிரிக்காமல் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

காரணம் ஒரு சட்டை. ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன், பண்டல் கடையில் ஐந்து வெள்ளிக்கு வாங்கிய பச்சைச் சட்டையைப் போட்டுக்கொண்டு மாலைப் பயிற்சிக்கு வந்தான். முதுகில் 12 என்ற எண். அதற்கு மேலே 'நேமத்' என்ற பெயர். "இது யாரு சார்?" என்றான். தெரியாது என்று சொல்ல எந்த வாத்தியாருக்கு மனம் வரும்? "நாளைக்குச் சொல்றேன்" என்று சமாளித்தேன். அந்த நாளை வருவதற்கு இரண்டு மாதம் ஆயிற்று.

முதலில் ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கர்கள் 'ஃபுட்பால்' என்பது நம் காற்பந்து அல்ல, ரக்பிக்கு உறவு. பந்து இரு முனையும் கூராக இருக்கும். பக்கத்துக்குப் பதினொரு பேர். திடலின் நீளம் 100 கெஜம். நான்கு முயற்சிக்குள் பத்துக் கெஜமாவது முன்னேற வேண்டும். இல்லையேல் பந்து எதிரணிக்குப் போய்விடும். பந்தைக் கையில் வாங்கி, அதை எறிவதா, ஓடுகிறவனிடம் கொடுப்பதா என்று ஆட்டத்தை நடத்துகிறவர் 'குவார்ட்டர்பேக்'. அவருக்கு முன்னால் ஐந்து பேர் சுவராக நிற்பார்கள். மோதி வருகிற எதிரியைத் தள்ளி வழி உண்டாக்குவதுதான் அவர்களுக்கு இட்ட வேலை. நடுவில் நிற்பவர் பந்தைக் கால்களுக்கிடையே பின்னால் கொடுப்பதோடு சரி. மற்ற நால்வரும் பந்தைத் தொடுவதே அபூர்வம்.

இனி சட்டைக்காரருக்கு வருவோம். ஜோ நேமத், நியூயார்க் ஜெட்ஸ் குழுவின் குவார்ட்டர்பேக். பென்சில்வேனியா மாநிலத்தில் எஃகு ஆலை ஊர் ஒன்றில் 1943-ல் பிறந்தவர். அக்காலத்தில் அங்கே இரண்டு சங்கங்கள் போட்டியாக இருந்தன. 1960-ல் ஆடத் தொடங்கிய புதிய சங்கத்தைப் பழைய சங்கத்தார் மதிப்பதே இல்லை. இரு சங்கத்து வெற்றியாளர்களும் மோதிய முதல் இரண்டு இறுதியாட்டங்களில் பழைய சங்கமே வென்றது. மூன்றாவது ஆட்டம் 1969 ஜனவரி 12-ல் மயாமி நகரில். எதிரே நின்ற பால்டிமோர் கோல்ட்ஸ் அந்தப் பருவத்தின் 14 லீக் ஆட்டங்களில் 13-ல் வென்ற குழு. நியூயார்க் 18 புள்ளி வித்தியாசத்தில் தோற்கும் என்று கணித்தார்கள். மூன்று நாளுக்கு முன் ஒரு விருந்தில் 25 வயது நேமத் எழுந்து, "நாங்கள்தான் ஜெயிப்போம், உறுதி" என்கிற பொருளில் ஒரு போடு போட்டார். அப்படியே நடந்தது: 16-க்கு 7. சிறந்த ஆட்டக்காரர் பரிசும் அவருக்கே. அன்றைக்கு ஏறிய பெயர் ஐம்பது வருடம் தாண்டி நம் தோட்டத்துப் பையன் முதுகு வரை வந்துவிட்டது!

சரி, கணக்கைப் பார்ப்போம். அன்று நேமத் 28 முறை எறிந்தார், 17 முறை தம் ஆளிடம் சேர்த்தார், 206 கெஜம். அவர் எறிந்த பந்தால் நேரடியாக ஒரு டச்டவுன்கூட விழவில்லை. கடைசிக் கால்பகுதியில் அவர் பந்தை எறியவே இல்லை. அப்படியானால் 16 புள்ளி எங்கிருந்து வந்தது? ஜிம் டர்னர் என்பவர் மூன்று முறை உதைத்து 9 புள்ளி எடுத்தார். மீதி 7-ல் ஆறு, மாட் ஸ்னெல் பந்தோடு ஓடிச் சேர்த்தது. கூடுதல் ஒன்று மறுபடியும் டர்னரின் கால். ஸ்னெல் அன்று 30 முறை ஓடி 121 கெஜம் முன்னேறினார். தற்காப்பு ஆட்டக்காரர்கள் எதிரியின் எறிபந்தை நான்கு முறை பறித்தார்கள். அதில் இரண்டு ரேண்டி பெவர்லியின் கைக்கு வந்தவை. புகழ்பெற்ற டான் மேனார்ட்டோ காலில் காயத்தோடு ஆடினார். ஒரு பந்தும் பிடிக்கவில்லை. ஆனால் அவருக்குப் பயந்து எதிரி ஆட்கள் அந்தப் பக்கம் ஒதுங்கியதால், மறுபக்கத்தில் ஜார்ஜ் சாவர் எட்டுப் பந்து பிடித்தார். மேனார்ட்டின் கணக்கில் பூச்சியம்தான்!

நேமத்துக்குத் தகுதியில்லை என்று சொல்ல வரவில்லை. எதிரி நிற்கும் நிலையைப் பார்த்து, நின்ற இடத்திலேயே ஆட்டத்தை மாற்றி அறிவித்தவர் அவர். ஒரு பந்தையும் பறிகொடுக்கவில்லை. 1967-ல் ஒரே பருவத்தில் 4,007 கெஜம் எறிந்தார். அவருக்கு முன் எவரும் நாலாயிரம் தொட்டதில்லை. முட்டி அறுவை செய்துகொண்ட கால்களோடு ஆடியவர். ஆனால் ஆயுள் முழுக்க எறிந்த டச்டவுன் 173, பறிகொடுத்தது 220 என்பதையும் சேர்த்துச் சொல்லத்தானே வேண்டும்? ஸ்னெல்லையும் அளவுக்கு மீறித் தூக்க எனக்கு விருப்பமில்லை. 1964-ல் பிரமாதமாகத் தொடங்கியவர், காயங்களால் அவருடைய மொத்தக் கணக்கு பெரிதாக வளரவில்லை.

என் மனத்தைப் பிடித்தவர் வேறொருவர். ஸ்னெல் அன்று பெரும்பாலும் இடது பக்கமாகவே ஓடினார். அங்கே வழி வெட்டிக் கொடுத்தவர் வின்ஸ்டன் ஹில், சட்டை எண் 75. டெக்சஸ் மாநிலத்தவர், கறுப்பின மாணவர்களுக்கென்று எழுந்த கல்லூரியில் படித்தவர். 1963-ல் இவரை முதலில் தேர்ந்தெடுத்ததே பால்டிமோர்தான்! பயிற்சி முகாமிலேயே வேண்டாமென்று அனுப்பிவிட்டார்கள். ஆறு வருடம் கழித்து அதே குழுவின் ஆர்டெல் பிராஸ் என்ற 36 வயது அனுபவசாலி எதிரே நிற்க, ஹில் அவரைத் தள்ளித் தள்ளியே பாதை திறந்தார். கணக்குத் தாளில் அவர் பெயருக்கு நேரே என்ன இருந்தது தெரியுமா? ஒன்றுமில்லை. தள்ளியதற்கு எண் கிடையாது.

நேமத்துக்கு ஓஹாயோ மாநிலம் கேண்டன் நகரிலுள்ள புகழ் மண்டபத்தில் 1985-ல் இடம் கிடைத்தது. 1976 வரை ஜெட்ஸுக்காக உழைத்த ஹில், பிறகு டென்வர் நகருக்குப் பக்கத்தில் உணவுக்கடை நடத்தினார். 2016-ல் காலமானார். மண்டபம் அவரைச் சேர்த்துக்கொண்டது 2020-ல்!

தோட்டத்துக்காரர்களுக்கு இது புதிதா என்ன? குலைக் கணக்கு வெட்டுக்காரர் பெயரில் ஏறும். பின்னாலேயே குனிந்து உதிரிப் பழம் பொறுக்கிய அவர் மனைவியின் பெயர் எத்தனை செக்ரோலில் இருந்தது? என் தாயார் பெயர் எந்தச் செக்ரோலிலும் இல்லை.

அமெரிக்காவிலும் செக்ரோல் கோளாறு ஒன்று நடந்தது. எறிவதற்குள் குவார்ட்டர்பேக்கைப் பிடித்து வீழ்த்துவதை 'சாக்' என்பார்கள். தற்காப்பு ஆட்டத்தில் அதைவிடப் பெரிய வேலை குறைவு. அதை அதிகாரபூர்வமாகத் தனி ஆட்டக்காரர் பெயரில் எழுதத் தொடங்கியதே 1982-ல்தான். அதற்கு முன் ஆடியவர்கள் வீழ்த்தியதெல்லாம் அந்தக் கணக்கில் இல்லை. ஆர்வலர்கள் சிலர் பல வருடம் உட்கார்ந்து பழைய ஆட்டக் குறிப்புத் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டி எண்ணினார்கள். 1960 வரை பின்னோக்கிச் சென்ற அந்தக் கணக்கு 2021-ல் வெளியானது. பார்த்தால், பபா பேக்கர் என்பவர் 1978-ல், டெட்ராய்ட் குழுவில் சேர்ந்த முதல் பருவத்திலேயே, 23 முறை வீழ்த்தியிருக்கிறார். அன்றைய அதிகாரபூர்வச் சாதனையோ 22.5! சங்கம் தன் சாதனைப் பட்டியலை அதற்காகத் திருத்தவில்லை. எண்ணியவர்கள் எண்ணி வைத்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

எண் இருந்தும் ஏமாந்தவர் ஒருவர் உண்டு. கென் ரைலி. ஃப்ளோரிடாவில் கறுப்பின மாணவர் கல்லூரியில் குவார்ட்டர்பேக்காக இருந்தவரை, சின்சினாட்டி குழு 1969-ல் எடுத்துத் தற்காப்பில் நிறுத்தியது. வேறு ஆளாக இருந்தால் முகம் சுளித்திருப்பார். இவர் 1983 வரை பதினைந்து பருவம் அங்கேயே நின்று 65 பந்துகளைப் பறித்தார். ஓய்வு பெற்றபோது அவருக்கு மேலே மூன்று பேரே இருந்தார்கள். ஆனாலும் வருடாந்திர நட்சத்திர ஆட்டத்துக்கு ஒரு முறைகூட அவரை அழைக்கவில்லை. மறுபக்கம் நின்ற தோழர் லெமார் பாரிஷை அடிக்கடி அழைத்தார்கள். பாரிஷ் பந்தோடு துள்ளி ஓடுவார், பார்க்க அழகு. ரைலி சத்தமில்லாமல் வேலையை முடிப்பவர். 2020 ஜூன் மாதம் இறந்தார். புகழ் மண்டபம் 2023-ல் திறந்தபோது மேடையில் அவர் குடும்பத்தார்தாம் நின்றார்கள்.

இதையெல்லாம் அந்தப் பையனிடம் சொன்னேன். அவனிடம் சொல்ல எனக்குக் கூச்சமாகவும் இருந்தது. ஏனென்றால் சென்ற ஆண்டுப் பரிசுப் பட்டியலை எழுதியவன் நான். சிறந்த காற்பந்து வீரர் பரிசைக் கோல் அதிகம் போட்ட பையனுக்கு எழுதினேன். இவன் தற்காப்பில் நிற்பவன். விழா முடிந்து நாற்காலி அடுக்கும்போது இவன் அப்பா பக்கத்தில் வந்தார். கோபம் ஒன்றுமில்லை. "சார், என் பையன் கோல் போடலதான். ஆனா அவன் நின்ன பக்கமா எவனும் பந்தக் கொண்டு போகலயே, அத எந்தக் கணக்குல எழுதுவீங்க?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

இவ்வாண்டு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கோடு போட்டேன். 'கோல்' என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் 'தடுத்தது', 'வழி விட்டுக் கொடுத்தது' என்று இரண்டு கட்டம். லேசான வேலையில்லை. பந்தையே பார்த்துப் பழகிய கண், பந்தில்லாத இடத்தைப் பார்க்க மறுக்கிறது. பாதி நாள் எழுத மறந்து கோலுக்குக் கை தட்டிக்கொண்டிருப்பேன். நோட்டு அலுவலகத்தில் இருக்கிறது. பெற்றோர் யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். தப்பிருந்தால் சொல்லுங்கள், திருத்துகிறேன்.

பையன் இன்னமும் அந்த 12-ஆம் எண் சட்டையில்தான் பயிற்சிக்கு வருகிறான். பண்டல் கடையில் 75 இருக்கிறதா என்று கேட்டுப் பார்த்தானாம். இல்லையாம்.