குழந்தைகளின் கவனக்குறைவும் ஊடுருவாத மூளைத் தூண்டலும்: ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் தொழில்வழித்தடத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

குழந்தைகளின் கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாட்டிற்கு (ஏ.டி.எச்.டி.) மருந்துக்கு மாற்றாக, மண்டையோட்டைத் திறக்காமல் மூளையைத் தூண்டும் கருவிகள் முன்வைக்கப்படுகின்றன. அவற்றின் வரலாற்றையும் இந்தியச் சட்டநிலையையும் தொகுத்து, ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் பகுதியின் முதன்மைத் தேவை கருவியா, கண்டறிதலா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: கவனக்குறைவு, மூளைத் தூண்டல், குழந்தை மனநலம், தொழில்வழித்தடம், மனநலச் சட்டம்.

முன்னுரை

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998இல் உற்பத்தியைத் தொடங்கியது. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா 2006இலும், ஒரகடத்தில் ரெனோ – நிசான் 2010இலும் ஆலை திறந்தன. ஏரிப்பாசன ஊர்கள் ஷிப்டு முறையில் இயங்கும் தொழிற்பகுதிகளாயின. வெளிமாநிலக் குடும்பங்களும் வந்து சேர்ந்தன. இம்மாற்றம் குழந்தை மனநல மருத்துவத்திற்கும் புதிய வினாக்களை எழுப்புகிறது.

குறைபாடும் மருந்தும்

1902இல் இலண்டனில் ஜார்ஜ் ஸ்டில் ஆற்றிய சொற்பொழிவுகள் இக்குறைபாட்டின் தொடக்ககால விவரிப்புகளுள் ஒன்றாகக் கருதப்படுகின்றன. 1937இல் அமெரிக்காவின் சார்லஸ் பிராட்லி, நடத்தைச் சிக்கல் உடைய 30 குழந்தைகளுக்கு பென்செட்ரின் கொடுத்துப் பலரிடம் கல்வி முன்னேற்றம் கண்டார். இன்று பயன்படும் மெத்தில்ஃபெனிடேட், இந்தியாவில் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கட்டுப்பாட்டிற்கு உட்பட்டது. மருந்தில்லாச் சிகிச்சையைப் பெற்றோர் நாடுவதற்கு இக்கட்டுப்பாடும் பக்கவிளைவு குறித்த அச்சமும் காரணங்களாகின்றன.

தூண்டல் முறைகள்

1985இல் ஷெஃபீல்டில் ஆண்டனி பார்க்கர் குழுவினர் காந்தப்புலத்தால் மூளையைத் தூண்டிக் காட்டினர். 2000இல் ஜெர்மனியின் நிட்ஷேயும் பவுலசும் மெல்லிய நேர்மின்னோட்டம் மூளைப்புறணியின் செயல்திறனை மாற்றும் என நிறுவினர். இவை வலிப்பை உண்டாக்கிக் குணம் தேடும் மின்னதிர்ச்சிச் சிகிச்சையினின்று வேறுபட்டவை.

2019இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், உறங்கும்போது நெற்றியில் பட்டை ஒட்டி முக்கிளை நரம்பைத் தூண்டும் கருவியை, மருந்து உட்கொள்ளாத 7 முதல் 12 வயதுக் குழந்தைகளுக்கு அனுமதித்தது. அதற்கு அடிப்படையான ஆய்வில் பங்கேற்றோர் 62 குழந்தைகளே. பின்னர் பிரிட்டனில் 150 பேரிடம் நடந்த ஆய்வில் இத்தூண்டல் போலித் தூண்டலைவிட மேலான பயன் தரவில்லை. சிறிய ஆய்வின் முடிவு பெரிய ஆய்வில் நிலைக்காமல் போவதற்கு இது தக்க சான்றாகும். கருவி தரும் நம்பிக்கையே பெற்றோரின் மதிப்பீட்டை உயர்த்தக்கூடும் என்பதால், போலித் தூண்டலுடனான ஒப்பீடு இங்கு இன்றியமையாதது.

இந்தியச் சட்டநிலை

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95ஆம் பிரிவு, சிறாருக்கு மின்னதிர்ச்சிச் சிகிச்சையைத் தடைசெய்கிறது. தவிர்க்க இயலாவிடின் காப்பாளரின் ஒப்புதலும் மனநல வாரியத்தின் முன்னனுமதியும் தேவை. காந்தத் தூண்டலையோ நேர்மின்னோட்டத் தூண்டலையோ அப்பிரிவு பெயர் சுட்டிக் கூறவில்லை. தீங்கு குறைந்தது என்பதாலேயே ஒரு முறை பயனுடையதாகிவிடாது. ஆதலின், பயன் உறுதிப்படாத சிகிச்சைக்குக் குடும்பங்கள் செலவிடுவதைத் தடுக்கும் பொறுப்பு மருத்துவ அறத்தையே பெரிதும் சார்ந்துள்ளது.

தொழில்வழித்தடத்தின் தேவை

2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத்திட்டம், அங்கன்வாடிகளிலும் அரசுப் பள்ளிகளிலும் கண்டறிய வேண்டிய 30 நிலைகளுள் இக்குறைபாட்டையும் சேர்த்தது. ஆனால் இதனை உறுதிசெய்ய இரத்தப் பரிசோதனை ஏதுமில்லை. அறிகுறிகள் வீடு, பள்ளி என ஒன்றுக்கு மேற்பட்ட சூழல்களில், குறைந்தது 6 மாதம் நீடித்திருக்க வேண்டும். பெற்றோர், ஆசிரியர் இருவரின் கூற்றே சான்றாகிறது. இரவு ஷிப்டில் உழைக்கும் பெற்றோர் குழந்தையுடன் செலவிடும் பொழுது குறைவு. ஆசிரியரின் மொழியறியாக் குழந்தையின் அமைதியின்மை நோயாகவும் தோன்றலாம், வெறும் குறும்பாகவும் தோன்றலாம். உறக்கக் குறைவும் இதே அறிகுறிகளைத் தரவல்லது.

முடிவுரை

ஊடுருவாத தூண்டல் ஆய்வுக்குரிய துறையே. ஆயினும் குழந்தைகளின் கவனக்குறைவிற்கு மருந்துக்கு ஈடான பயன் தருவதாக எக்கருவியும் இன்னும் நிறுவப்படவில்லை. தொழில்வழித்தடத்திற்கு இன்று வேண்டுவது குழந்தையின் தாய்மொழியில் அமைந்த மதிப்பீடும், ஷிப்டு நேரத்திற்கு இசைந்த பெற்றோர் பயிற்சியும், பள்ளியையும் மருத்துவமனையையும் இணைக்கும் தொடர் கவனிப்புமே ஆகும். சரியாகக் கண்டறியப்படாத குழந்தைக்கு எந்தச் சிகிச்சையும் உரிய பயன் தராது.