நெடுவீச்சு டார்ச் விளக்கு

நெடுவீச்சு டார்ச் விளக்கு என்பது ஒளியை அகலமாகப் பரப்பாமல், ஒடுங்கிய கற்றையாக்கி நெடுந்தொலைவுக்குச் செலுத்தும் கைமின்விளக்கு ஆகும். இவ்வகை விளக்குகள் கடைகளில் ஆயத்த நிலையில் கிடைக்கின்றன. எனினும் மலிவான எல்.ஈ.டி டார்ச் விளக்கு ஒன்றின் ஒளிமூலம், எதிரொளிப்பான், மின்சுற்று ஆகியவற்றை மாற்றி, அதன் வீச்சைப் பல மடங்கு கூட்டுவது மின்னணுவியல் ஆர்வலரிடையே பரவலான கைவினையாக உள்ளது. இக்கட்டுரை அம்மாற்றத்தின் ஒளியியல் அடிப்படையையும், செய்முறையையும், அதிலுள்ள இடர்களையும் விளக்குகிறது.

பின்னணி

உலர் மின்கலத்தால் இயங்கும் குழல் வடிவக் கைவிளக்குக்கு டேவிட் மைசெல் என்பவர் 1899 ஆம் ஆண்டு அமெரிக்காவில் காப்புரிமம் பெற்றார். அதன் பின்னர் ஏறத்தாழ நூறு ஆண்டுகள் இழை விளக்குகளே டார்ச் விளக்குகளில் பயன்பட்டன. 1990களில் நீல ஒளியுமிழ் இருமுனையம் செயல்முறைக்கு வந்ததும், அதன் மேல் ஒளிர்பொருள் பூசி வெள்ளொளி பெறுவது இயல்வதாயிற்று. இக்கண்டுபிடிப்புக்காக அக்காசாக்கி, அமானோ, நாக்கமுரா ஆகிய மூவருக்கும் 2014 ஆம் ஆண்டு இயற்பியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

கிரீ நிறுவனம் 2006 இல் வெளியிட்ட எக்ஸ்ஆர்-ஈ, 2010 இல் அறிவித்த எக்ஸ்எம்-எல் போன்ற உயர்திறன் எல்.ஈ.டிகள் சீனத் தயாரிப்பு மலிவு விளக்குகளிலும் இடம்பெற்றன. எஸ்கே68 எனப்படும் நகரும் வில்லை கொண்ட சிறு விளக்கும், சி8 எனப்படும் ஆழமான எதிரொளிப்பான் கொண்ட விளக்கும் மாற்றம் செய்வோரால் அதிகம் எடுத்தாளப்பட்டவை.

ஒளியியல் அடிப்படை

விளக்கின் பொதியில் அச்சிடப்படும் லுமென் என்பது, விளக்கு எல்லாத் திசைகளிலும் வெளியிடும் மொத்த ஒளியின் அளவு ஆகும். வீச்சைத் தீர்மானிப்பது இதுவன்று. கற்றையின் நடுவில், ஒரு குறிப்பிட்ட திசையில் உள்ள ஒளிச்செறிவே வீச்சைத் தீர்மானிக்கும். இது கேண்டெலா என்னும் அலகால் அளக்கப்படுகிறது. எனவே 1000 லுமென் விளக்கொன்று 300 லுமென் விளக்கைவிடக் குறைந்த தொலைவையே எட்டுவதும் உண்டு.

2009 இல் அமெரிக்காவில் வெளியான எஃப்எல்1 தரநிலையின்படி, வெளிச்சம் 0.25 லக்ஸ் ஆகக் குறையும் தொலைவே ஒரு விளக்கின் வீச்சு ஆகும். இது தெளிந்த வானில் முழுநிலவு தரும் வெளிச்சத்துக்கு ஏறத்தாழ ஒப்பானது. வெளிச்சம் தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறைவதால், கேண்டெலாவின் வர்க்கமூலத்தை 2 ஆல் பெருக்கினால் வீச்சு மீட்டரில் கிடைக்கும்.

* 10,000 கேண்டெலா: 200 மீட்டர்
* 40,000 கேண்டெலா: 400 மீட்டர்
* 1,60,000 கேண்டெலா: 800 மீட்டர்

அதாவது, வீச்சை இரட்டிப்பாக்க ஒளிச்செறிவை நான்கு மடங்காக்க வேண்டும்.

ஒளிச்செறிவு முதன்மையாக இரு காரணிகளைச் சார்ந்தது. ஒன்று, ஒளிமூலத்தின் பரப்பொளிர்வு, அதாவது ஒரு சதுர மில்லிமீட்டர் பரப்பு எவ்வளவு செறிவாக ஒளிர்கிறது என்பது. மற்றது, எதிரொளிப்பான் அல்லது வில்லையின் முகப்புப் பரப்பு. இவ்விரண்டையும் பெருக்கினால் கிடைப்பதே ஒளிச்செறிவின் மேல் எல்லை ஆகும். எடுத்துக்காட்டாக, சதுர மில்லிமீட்டருக்கு 80 கேண்டெலா தரும் எல்.ஈ.டி ஒன்றை 20 மி.மீ விட்டமுள்ள எதிரொளிப்பானில் பொருத்தினால், இழப்புகள் இல்லாத நிலையில் சுமார் 25,000 கேண்டெலா கிடைக்கும். அதே எல்.ஈ.டியை 40 மி.மீ எதிரொளிப்பானில் பொருத்தினால் சுமார் 1,00,000 கேண்டெலா கிடைக்கும். மின்செலவு சற்றும் கூடாமலேயே வீச்சு 316 மீட்டரிலிருந்து 632 மீட்டராகிறது.

இதற்கு மாறாக, மின்னோட்டத்தை இரட்டிப்பாக்குவதால் பெறும் பயன் சிறிது. பரப்பொளிர்வு முழுமையாக இரட்டித்தாலும் வீச்சு 1.41 மடங்கே கூடும். எல்.ஈ.டி சூடாகும்போது அதன் திறன் குறைவதால் நடைமுறையில் அதுவும் கிட்டுவதில்லை. ஆகவே முதலில் ஒளியியல் உறுப்புகளையும், பின்னர் எல்.ஈ.டியையும், இறுதியாகவே மின்னோட்டத்தையும் மாற்றுவது முறையாகும்.

ஏற்ற விளக்கைத் தேர்தல்

மாற்றத்துக்கு எடுக்கும் விளக்கு ஒற்றை எல்.ஈ.டி கொண்டதாக இருக்க வேண்டும். 5 மி.மீ எல்.ஈ.டிகள் ஒன்பது அல்லது அதற்கு மேல் வரிசையாகப் பதிக்கப்பட்ட மலிவு விளக்குகள் இதற்கு ஏற்றவையல்ல. அவற்றின் ஒளி பல புள்ளிகளிலிருந்து எழுவதால் அதனை ஒரே குவியத்தில் கொண்டுவர இயலாது.

உடல் அலுமினியத்தால் ஆனதாகவும், திருகிக் கழற்றக் கூடியதாகவும் இருத்தல் நன்று. எல்.ஈ.டி பொருத்தப்படும் மேடை உள்ளீடற்ற மெல்லிய தகடாக இருந்தால் வெப்பம் வெளியேறாது. எதிரொளிப்பானைப் பொறுத்தவரை, ஆரஞ்சுத் தோல் போன்ற சொரசொரப்பான பரப்பைவிட வழவழப்பான பரப்பே கூடிய வீச்சைத் தரும்.

நகரும் வில்லை கொண்ட விளக்குகள், எல்.ஈ.டி சில்லின் பிம்பத்தையே தொலைவில் விழச் செய்கின்றன. இதனால் அவற்றின் ஒளிப்பொட்டு சதுரமாகத் தெரிகிறது. 40 மி.மீ குவியத்தூரமுள்ள வில்லையுடன் 1 மி.மீ சில்லைப் பயன்படுத்தினால் 100 மீட்டர் தொலைவில் 2.5 மீட்டர் அகலச் சதுரம் விழும். 2 மி.மீ சில்லாயின் அது 5 மீட்டராகும். ஆயினும், கற்றையை ஒடுக்கும் நிலையில் வில்லை எல்.ஈ.டியிலிருந்து விலகி நிற்பதால், ஒளியின் கணிசமான பகுதி வில்லையை அடையாமல் குழலின் உட்சுவரில் பட்டு வீணாகிறது.

மாற்றும் முறை

1. எல்.ஈ.டியை மாற்றுதல்: பெரிய சில்லுள்ள எல்.ஈ.டியை நீக்கி, சுமார் 1 சதுர மி.மீ சில்லுள்ள ஒன்றைப் பொருத்துவர். மொத்த ஒளி குறைந்தாலும் பரப்பொளிர்வு கூடும். எல்.ஈ.டி பற்றவைக்கப்பட்ட தட்டு, நடு வெப்பத்தளம் நேரடியாகச் செம்பைத் தொடும் வகையினதாக இருப்பது சிறந்தது. தட்டுக்கும் மேடைக்கும் இடையே வெப்பக் களிம்பை மெல்லிய படலமாகப் பூச வேண்டும்.

2. குவிமாடத்தை நீக்குதல்: சில எல்.ஈ.டிகளின் மேலுள்ள சிலிக்கோன் குவிமாடம் சில்லைப் பெரிதாகத் தோன்றச் செய்கிறது. அதனை நீக்கினால் மொத்த ஒளி குறையும். ஆனால் பரப்பொளிர்வு கூடும். ஒளியின் நிறம் மஞ்சள் பக்கம் சாயும். இதன்போது ஒளிர்பொருள் படலம் பெயர்ந்தாலோ நுண்கம்பி அறுந்தாலோ எல்.ஈ.டி பயனற்றுப் போகும். எனவே குவிமாடம் இல்லாமலே தயாரிக்கப்படும் தட்டை எல்.ஈ.டிகளை வாங்குவது எளிது.

3. குவியம் சரிசெய்தல்: சில்லு, எதிரொளிப்பானின் குவியத்தில் அமைய வேண்டும். ஒரு மில்லிமீட்டரின் சிறு பகுதி விலகினாலும் நடுப்பொட்டு மங்கி, அதன் நடுவில் கருவளையம் தோன்றும். எல்.ஈ.டியைச் சுற்றியுள்ள நெகிழி வளையத்தைத் தேய்த்தோ, தடிப்பான வளையம் இட்டோ உயரத்தைச் சரிசெய்வர். எதிரொளிப்பான் உலோகத்தால் ஆனது என்பதால் அது பற்றுமுனைகளைத் தொட்டுக் குறுக்குச்சுற்று ஏற்படாதவாறு இவ்வளையமே காக்கிறது. இதனை முற்றிலும் நீக்கலாகாது.

4. மின்னோட்டச் சுற்று: மலிவு விளக்குகள் பலவற்றில் மின்னோட்டம் மின்கலம் வடிய வடியக் குறையும். ஏஎம்சி7135 என்னும் சில்லு ஒவ்வொன்றும் 350 மில்லி ஆம்பியரைச் சீராகச் செலுத்தும். எட்டுச் சில்லுகள் இணைந்த சுற்று 2.8 ஆம்பியர் தரும். எல்.ஈ.டியின் தரவுத்தாளில் உள்ள உச்ச மின்னோட்டத்தை மீறாதவாறு சில்லுகளின் எண்ணிக்கையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

5. மின்தடையைக் குறைத்தல்: மின்கலத்தைத் தாங்கும் சுருள்வில்லின் இரு முனைகளையும் செம்புக் கம்பியால் இணைத்துப் பற்றவைத்தால், வில்லில் ஏற்படும் மின்னழுத்த இழப்பு குறையும்.

அளவிடல்

மாற்றத்தின் பயனைக் கண்ணால் மதிப்பிடுவது தவறான முடிவுக்கு இட்டுச் செல்லும். இருட்டறையில் விளக்கிலிருந்து 5 மீட்டர் அல்லது அதற்கு மேற்பட்ட தொலைவில் லக்ஸ்மானியை வைத்து, பொட்டின் நடுவில் அளவெடுக்க வேண்டும். லக்ஸ் அளவைத் தொலைவின் இருமடியால் பெருக்கினால் கேண்டெலா கிடைக்கும். 10 மீட்டரில் 400 லக்ஸ் எனில் 40,000 கேண்டெலா, அதாவது 400 மீட்டர் வீச்சு ஆகும். மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஒரே மானியால், முழுதாக மின்னேற்றிய மின்கலத்துடன் அளந்தால் ஒப்பீடு நம்பகமாக அமையும்.

பயன்களும் வரம்புகளும்

தேடல் மீட்புப் பணி, படகு செலுத்துதல், பரந்த வயல்வெளிக் காவல் ஆகியவற்றில் இவ்விளக்குகள் உதவுகின்றன. தமிழ்நாட்டின் மலையடிவாரங்களிலும் இலங்கையின் உலர் வலயத்திலும் இரவில் பயிர் காப்போருக்கு, யானையை அருகில் நெருங்குமுன் தொலைவிலேயே கண்டுகொள்வது உயிரைக் காக்கும் தேவையாகும். ஆனால் ஒடுங்கிய கற்றை, காலடியையும் பக்கவாட்டையும் இருளில் விட்டுவிடும். ஆகவே நடந்து செல்பவர் அகல ஒளி தரும் மற்றொரு விளக்கையும் உடன் வைத்திருப்பது நல்லது. மூடுபனியிலும் மழையிலும் கற்றையின் ஒளி சிதறித் திரும்புவதால் வீச்சு பெரிதும் குறையும்.

2010களின் இறுதியில், லேசர் ஒளியை ஒளிர்பொருளில் பாய்ச்சி வெள்ளொளியாக்கும் கைவிளக்குகள் விற்பனைக்கு வந்தன. ஒளிரும் புள்ளி மிகச் சிறியது என்பதால் இவை எல்.ஈ.டி விளக்குகளை வீச்சில் விஞ்சுகின்றன. ஆயினும் இவற்றின் விலை அதிகம்.

பாதுகாப்பு

இவ்விளக்குகளில் பெரும்பாலும் 18 மி.மீ விட்டமும் 65 மி.மீ நீளமும் கொண்ட 18650 லித்தியம்-அயனி மின்கலம் பயன்படுகிறது. இதனை 4.2 வோல்ட்டுக்கு மேல் மின்னேற்றினாலோ, குறுக்குச்சுற்று ஏற்பட்டாலோ தீப்பற்றும். 9900 மில்லி ஆம்பியர்-மணி எனக் குறியிட்டு விற்கப்படும் மலிவு மின்கலங்களின் குறியீடு பொய்யானது. இந்த அளவுள்ள தரமான மின்கலங்களின் கொள்ளளவே 4000 ஐ ஒட்டித்தான் முடிகிறது. உறை கிழிந்த மின்கலங்களையும், பழைய மடிக்கணினிகளிலிருந்து பிரித்தெடுத்த, நிலை அறியாத மின்கலங்களையும் பயன்படுத்தலாகாது.

2.8 ஆம்பியரில் எல்.ஈ.டி ஏறத்தாழ 10 வாட் மின்திறனை நுகர்கிறது. அதில் பெரும்பகுதி வெப்பமாகிறது. கையில் பிடிக்க இயலாத அளவுக்கு உடல் சுட்டால் உடனே அணைத்துவிட வேண்டும். உள்ளே சூடேறியும் வெளியுடல் குளிர்ந்திருந்தால் வெப்பம் கடத்தப்படவில்லை எனப் பொருள். அது மேலும் தீயது.

ஒடுங்கிய கற்றையை அருகிலிருந்து நேராகப் பார்ப்பது விழித்திரைக்குக் கேடு செய்யலாம். சிறுவரிடம் இவ்விளக்கை விளையாடக் கொடுக்கக் கூடாது. வாகன ஓட்டுநரை நோக்கி ஒளி வீசுவது விபத்துக்கு வழிவகுக்கும். வானூர்தியை நோக்கி வீசுவது பல நாடுகளில் தண்டனைக்குரிய குற்றமாகும்.