குதிரை இரத்தத்தில் ஊறிய மருந்து

கல்முனை, சம்மாந்துறை வட்டைகளில் வேளாண்மை வெட்டுக் காலம் புடையன் பாம்புக்கும் காலம்தான். முன்பு கடிபட்டவரை விசகடி வைத்தியரிடம் தூக்கி ஓடினார்கள், இப்போது ஆஸ்பத்திரிக்கு. அங்கே ஏற்றுவது குதிரை இரத்தத்தில் ஊறிய மருந்து.

1890களில் பிரெஞ்சு மருத்துவர் அல்பேர் கல்மெத் திறந்துவிட்ட வழி இது. குதிரைக்குப் பாம்பு விஷத்தை இம்மி இம்மியாக ஏற்றுவார்கள். எதிர்ப்பொருள் ஊறியதும் இரத்தம் எடுப்பார்கள். அதிலிருந்து எதிர்ப்பொருளை மட்டும் பிரிப்பதுதான் பெரும்பாடு: உப்பிட்டுப் படியவைப்பார்கள், பெப்சின் நொதியால் நறுக்குவார்கள். எவ்வளவு சுத்தம் செய்தாலும் அது குதிரைப் புரதமல்லவா! சிலருக்கு உடம்பு தடிக்கும், மூச்சு முட்டும். இலங்கையில் 1007 நோயாளிகளிடம் நடந்து 2011இல் வெளியான ஆய்வில், முன்கூட்டியே சிறிதளவு அட்ரினலின் கொடுத்தபோது முதல் ஒரு மணி நேரக் கடும் ஒவ்வாமை 43 சதவீதம் குறைந்தது.

எதிர்ப்பொருளைப் பிரிக்க உதவக்கூடிய வேறொரு வித்தையை 1972இல் ஜெர்மனியின் குந்தர் வுல்ஃப் காட்டினார். மூலக்கூறைச் சுற்றிப் பாலிமரை இறுகவிட்டு, பிறகு மூலக்கூறைக் கழுவி எடுத்தால், சேற்றில் பதிந்த காலடிபோல அதற்கே பொருந்தும் குழி மிஞ்சும். அப்படிப்பட்ட பாலிமர்கள் ஆய்வுகூடங்களில் இரத்தத்து எதிர்ப்பொருளையும் பிடித்துக் காட்டிவிட்டன.

இலங்கை நெடுங்காலம் நம்பியிருப்பது இந்திய விஷமுறிவு மருந்தை. அதற்கான விஷத்தில் பெரும்பங்கைக் கறந்து கொடுப்பது, 1978இல் சென்னைக்கருகே தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கம். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை என நான்குக்கே அந்த மருந்து முறிவு. இலங்கையில் அதிகம் கடிக்கும் மேல்மூக்குச் சிறுவிரியன் அந்தப் பட்டியலில் இல்லை.